கேரவனில் தண்ணீர் வரவில்லையா? பம்பைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்!

ஒரு காலத்தில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வு எடுக்கும் வண்டி என்றுதான் நம்மவர்களுக்குத் தெரியும். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் எட்ட நின்று பார்ப்பதோடு சரி. இப்போது நிலைமை மாறிவிட்டது. கேரள அரசு 2021-ம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கு என்றே தனிக் கொள்கை அறிவித்தது. பெங்களூரிலும் படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் அமைந்த வண்டிகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஹம்பி, கோகர்ணா, வயநாடு என்று குடும்பத்தோடு புறப்பட்டு விடுகிறார்கள்.

என்ஜின் நன்றாக ஓடும். ஏ.சி. குளுகுளு என்று இருக்கும். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது! கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் வண்டிக்குள் இருக்க, ஆகும்பே மலைப்பாதையில் இரவு நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது? வாடகை வண்டி என்றால், "பம்பு எரிந்துவிட்டது" என்ற பழி டிரைவர் தலையில்தான் விழும்.

பல நேரங்களில் பம்பு எரிந்திருக்காது. ஒரு வால்வு மூடியிருக்கும். அல்லது ஒரு கிளிப் தளர்ந்திருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால், ஸ்க்ரூ டிரைவரோடு வேலை முடிந்துவிடும்.

தண்ணீர் வரும் வழி

வீட்டில் சம்ப்பில் இருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். அங்கிருந்து அது தானாகக் குழாய்க்கு இறங்குகிறது. கேரவனில் மாடித் தொட்டி கிடையாது. படுக்கைக்கு அடியிலோ, வண்டியின் அடித்தளத்திலோ பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதிலிருந்து 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு தண்ணீரை இழுத்து நேராகக் குழாய்க்குத் தள்ளுகிறது.

இந்தப் பம்புக்குள் அழுத்தம் பார்க்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறையும், பம்பு ஓடும். குழாயை மூடியதும் அழுத்தம் ஏறும், பம்பு நிற்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளைக் காதாலேயே கண்டுபிடித்து விடலாம்.

சத்தமே இல்லையா?

குழாயைத் திறந்தும் பம்பு மூச்சு விடவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். முதலில் பம்பு சுவிட்ச். அடுத்து பேட்டரி. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அது ஏறக்குறைய காலி என்று அர்த்தம். அதற்கு அடுத்து பியூஸ்.

பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூசைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு ஓட்டுவது தீ விபத்துக்கு வழி. புதுப் பியூசும் உடனே போனால் பம்பு சிக்கியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசியிருக்கிறது என்று பொருள். அப்போது எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுவதே நல்லது.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அளவு காட்டும் விளக்கை நம்பாதீர்கள். உப்புப் படிந்த தொட்டியில் அது பொய் சொல்லும்.

தண்ணீர் இருக்கிறது என்றால் பம்புக்கு முன்னால் உள்ள சிறிய வடிகட்டியைக் கழற்றுங்கள். மணலும் பிளாஸ்டிக் சீவலும் அடைத்திருக்கலாம். வால்வு திருப்பம் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் காற்று நுழைகிறது. சம்ப் மோட்டாரில் காற்றுப் பிடித்துக்கொண்டு படும் பாடு பெங்களூர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே கதைதான் இங்கேயும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பம்பு இழுக்கும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் ஒழுகாமலே இருக்கலாம், காற்று மட்டும் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. மேடு பள்ளத்தில் குலுங்கிய வண்டியில் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்ப்பதே வழி.

தொட்டிக்குக் காற்று போகும் சிறு குழாய் ஒன்று உண்டு. அது அடைத்தாலும் பம்பு திணறும். தண்ணீர் நிரப்பும்போது வாய் வழியாகத் திரும்பத் திரும்பப் பீறிட்டு வந்தால், குற்றவாளி அதுதான்.

இரவில் 'டுர்... டுர்...'

எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பம்பு தானாக ஓடி நிற்கிறது. தூக்கம் கெடுவது ஒரு பக்கம். பேட்டரியும் தீர்ந்துகொண்டே இருக்கும். எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்பதற்கு இது அடையாளம்.

பம்பை அடுத்து மூடும் வால்வு இருந்தால் அதை மூடுங்கள். அதற்குப் பிறகும் பம்பு விட்டு விட்டு ஓடினால், அதன் உள்வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. பம்பு ஓடாமல் நின்றுவிட்டால், கசிவு அந்த வால்வுக்கு அப்பால் இருக்கிறது. கழிவறை பிளஷ், வெளிப்புறக் குழாய், ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். காய்ந்த துணியை இணைப்பில் சுற்றிவைத்தால் மறைந்த கசிவும் தெரிந்துவிடும்.

தங்குமிடக் குழாயில் இணைத்தால்...

தங்கும் இடத்தில் ஓஸ் போட்டு வண்டியை நேரடியாக இணைக்கும் வசதியும் உண்டு. அப்போது தண்ணீர் நூலாக வடிந்தால் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். வண்டிப் பம்பு சாதாரணமாக 3 கிலோ அளவுக்குத் தரும். ஆகவே ஓஸ் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு பம்பைப் போடுவதே மேல்.

இணைத்து வைத்திருக்கும்போது வண்டித் தொட்டி தானாக நிரம்பி வழிந்தால், பம்பின் உள்வால்வு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உப்பும் ஹீட்டரும்

தக்காணத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். ஷவர் துவாரமும் குழாய் நுனி வலையும் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஹீட்டரில் எச்சரிக்கை தேவை. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். காலி ஹீட்டரைப் போட்டால் காயில் எரிந்துவிடும். 230 வோல்ட் இணைப்பைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது.

வயிற்றைக் கெடுக்கும் தொட்டி

மாதக் கணக்கில் நின்ற வண்டியின் தொட்டியில் நாற்றம் வரும். 100 லிட்டர் தொட்டிக்குச் சுமார் 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 4 மணி நேரம் கழித்து முழுவதும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். குடிநீர் பில்டரை இதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்!

கோலார், சிக்பள்ளாப்பூர் பக்கத்துப் போர்வெல்களில் புளோரைடு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிக்கவும் சமைக்கவும் தனி கேன் தண்ணீர் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புறப்படும் முன் பத்து நிமிடம்

தொட்டியை நிரப்புங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். பிறகு பத்து நிமிடம் பேசாமல் இருந்து பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். அது தானாக ஓடாவிட்டால் கசிவு இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பலாம். வாடகை வண்டி என்றால் இந்தச் சோதனையை உரிமையாளர் முன்னிலையிலேயே செய்துவிடுங்கள். பின்னால் பழிச்சொல் வராது.

கையில் இரண்டு கிளிப், பம்புக்கு ஏற்ற இரண்டு பியூஸ், ஒரு டெப்லான் டேப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும். ஷவரைத் திறந்து குளித்தால் 100 லிட்டர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே தண்ணீரை வாளியில் பிடித்தால் ஐந்து பேர் குளிக்கலாம். லடாக் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள், நிறுத்தும் இடத்தில் குழாய் நீரை வடித்துவிட வேண்டும். உறைந்த தண்ணீர் குழாயைப் பிளந்துவிடும்.