சிறு பாலூட்டிகளின் கூம்புச் சுரப்பி உயிரணுக்களில் பகல் – இரவு மாற்றங்கள்

முன்னுரை

மூளையில் அமைந்த கூம்புச் சுரப்பி (பினியல் சுரப்பி) இரவில் மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. மாட்டின் கூம்புச் சுரப்பியிலிருந்து இதனை ஆரோன் லெர்னர் குழுவினர் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தனர். இச்சுரப்பியின் உயிரணுக்கள் பகலில் ஒரு நிலையிலும் இரவில் மற்றொரு நிலையிலும் இருப்பதால், திசு எடுக்கப்பட்ட நேரத்தைக் குறிப்பிடாத அளவீடு பயனற்றதாகிவிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செய்தி செல்லும் வழி

பாலூட்டிகளின் கூம்புச் சுரப்பி ஒளியை நேரடியாக உணர்வதில்லை. விழித்திரை பெறும் ஒளிச் செய்தி, ஐப்போதலாமசில் உள்ள உயிரியல் கடிகாரத்தை அடைகிறது. அங்கிருந்து தண்டுவடம், மேற்கழுத்து நரம்புமுடிச்சு ஆகியவற்றின் வழியாகச் சுரப்பிக்குக் கட்டளை செல்கிறது. இரவில் பரிவு நரம்பு முனைகள் நார்அட்ரினலினை வெளிவிடுகின்றன. உயிரணுக்களுக்குள் சுழல் ஏஎம்பி பெருகுகிறது. இதனால், செரோட்டோனினை அசெட்டைலேற்றம் செய்யும் நொதியின் செயல்திறன் ஆய்வக எலிகளில் பகலைவிடப் பல மடங்கு உயர்கிறது. செரோட்டோனின் குறைய, மெலடோனின் கூடுகிறது. நள்ளிரவில் விளக்கேற்றினால் அந்நொதியின் செயல்திறன் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

அமைப்பு மாற்றங்கள்

மாற்றம் வேதியியல் அளவில் மட்டும் நிகழ்வதன்று. கினிப்பன்றியின் சுரப்பியை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உயிரணுக்களில் காணப்படும் சினாப்சு நாடாக்கள் எனும் நுண்ணமைப்புகள் பகலைவிட இரவில் மிகுதியாக இருப்பது அறியப்பட்டது. எனவே, ஒரே விலங்கினத்தின் பகல்நேரப் படத்தையும் இரவுநேரப் படத்தையும் நேரம் அறியாமல் ஒப்பிடுபவர், இயல்பான மாற்றத்தை மருந்தின் விளைவாகவோ நோயின் அறிகுறியாகவோ கருத இடமுண்டு.

இன வேறுபாடுகள்

‘இரவில் எடுக்கப்பட்டது’ என்னும் குறிப்பும் போதுமானதன்று. சிரிய ஹாம்ஸ்டரில் மெலடோனின் இரவின் பிற்பகுதியில்தான் உயர்கிறது. இருள் தொடங்கியவுடன் திசு எடுத்தால் ஏற்றம் புலப்படாது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிகளோ, மரபுக் குறைபாட்டால் மெலடோனினை மிகக் குறைவாகவே உருவாக்குகின்றன. ஆனால், சி3எச் வகைச் சுண்டெலிகளில் இரவு ஏற்றம் தெளிவாகக் காணப்படுகிறது.

முடிவுரை

கூம்புச் சுரப்பி ஆய்வில் நேரமும் ஒளியும் ஆய்வுப் பொருளின் பகுதிகளே ஆகும். விலங்கின் இனமும் வகையும், ஒளி – இருள் கால அளவு, விளக்கணைத்த பின் கழிந்த நேரம், திசு எடுக்கையில் பயன்படுத்திய ஒளி ஆகிய நான்கையும் ஆய்வாளர் பதிவுசெய்தல் வேண்டும். இரவு அளவை அறியச் செல்பவர் ஏற்றும் விளக்கே அவ்வளவை அழித்துவிடக்கூடும்.