முகவரி தேடும் மருந்து

கோலார் தங்கவயலின் தலைவிதியை எழுதியவை துகள்கள்தான். பாறைக்குள் ஒளிந்திருந்த தங்கத் துகளுக்காக 1880-களிலிருந்து வட ஆற்காட்டுத் தமிழர்கள் இங்கே சுரங்கத்தில் இறங்கினார்கள். பாறையைத் துளைத்தபோது கிளம்பிய சிலிக்கா தூசி பலரது நுரையீரலைச் சிலிகோசிஸ் நோய்க்கு இரையாக்கியது. இந்தத் தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் அறிவித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

தூசியைவிடவும் சிறிய துகள்களைத்தான் புற்றுநோய் மருத்துவம் இன்று நம்புகிறது. காரணம், கீமோதெரபி மருந்துக்கு நண்பன், பகைவன் தெரியாது. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து அளவு மீறினால் இதயமே பழுதாகிவிடும்.

எனவே, மருந்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். டாக்ஸோரூபிசினை அடைத்து வைக்கும் கொழுப்புக் குமிழியின் அளவு சுமார் 100 நானோமீட்டர். அதாவது, தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டிக்குள் அவசரகதியில் முளைக்கும் ரத்தக் குழாய்களில் ஓட்டைகள் அதிகம். குமிழி அதன் வழியே கசிந்து கட்டியில் தங்கிவிடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் மாட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் விளக்கிய உண்மை இது. இந்த வகையில் முதலாவதான டாக்ஸில் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் டாபர் பார்மா 2007-இல் நானாக்ஸெல் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. தங்கத்துக்கும் இதில் இடம் உண்டு. தங்க நானோ துகளில் புற்றுநோயைத் தாக்கும் புரதத்தை ஏற்றி அமெரிக்காவில் நடந்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது.

ஆனால் பொட்டலங்கள் எல்லாம் போய்ச் சேர்வதில்லை. பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளை அலசிய டொரன்டோ விஞ்ஞானிகள் 2016-இல் சொன்ன கணக்குப்படி, கட்டியை எட்டுவது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டாக்ஸில் மருந்தின் பெரிய லாபம், இதயத்துக்கு ஆபத்து குறைந்ததுதான். விலையோ சாதாரண மருந்தைவிட அதிகம்.

தங்கவயலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அரசின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில். சுரங்கம் மூடிய பிறகு தினமும் வேலைக்காக அங்கே ரயிலேறும் ஊர் இது. சிகிச்சைக்கும் அதே ரயில்தான். ஒவ்வொரு முறை மருந்தேற்றப் போகும்போதும் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கட்டியின் முகவரியைத் தேடப் பழகும் மருந்துக்குத் தங்கவயலின் முகவரியும் தெரிந்தாக வேண்டும்.