காட்டுக்கோழிக்கு நாம் பட்ட கடன்

வீட்டு முற்றத்தில் திரியும் கோழியை அறியாதார் இல்லை. அதன் உறவினனாகிய சாம்பல் காட்டுக்கோழியைக் கண்ணாரக் கண்டவர் சிலரே. வடக்கே அபு மலை முதல் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைக்கோடி வரை, மூங்கிற் புதர்களில் வசிக்கும் இப்பட்சி மகா கூச்சமுடையது. விடியலிலும் அந்தியிலும் அதன் கூவல் கேட்கும். நெருங்கினாலோ, புதருக்குள் ஓடி மறைந்துவிடும்.

சேவலின் கழுத்து இறகுகளே அதன் விசேஷம். கருமையான இறகின் மீது அரக்குத் துளி சொட்டினாற்போல் வெண்மையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் மின்னும். இனச்சேர்க்கைப் பருவம் கழிந்ததும் அவை உதிர்ந்துவிடும். பழுப்பு நிறப் பேடு தரையில் குழி பறித்து, நான்கு முதல் ஏழு முட்டைகள் இட்டு, சுமார் 21 நாள் அடைகாக்கும். தானியம், பழம், கறையான் ஆகியவை இப்பறவைகளின் ஆகாரம். மூங்கில் விதைக்கும் ஆண்டில் கூட்டமாக வந்து கூடும்.

அழகே அதற்கு ஆபத்தாயிற்று. இங்கிலாந்தில் சால்மன் மீன் பிடிக்கும் கனவான்கள் தூண்டிலில் கட்டும் போலி ஈக்களுக்கு இவ்விறகை விரும்பினர். அவர்கள் பொழுதுபோக்கிற்காக நம் காட்டுச் சேவல்கள் மாண்டன. காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியை 1902-ல் அன்றைய சர்க்கார் தடுத்தது. ஆயினும் கள்ள வியாபாரம் ஓயவில்லை.

ஒரு காலத்தில் வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் இதுவே மூதாதை என எண்ணினர். 1868-ல் டார்வின் அதனை மறுத்து, சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூலம் என்றார். ஆனால் 2008-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழுவினர் மரபணுக்களைச் சோதித்து, வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று கண்டனர். உலகெங்கும் மஞ்சள் காலுடன் திரியும் கோழிகளில் நம் காட்டின் சொத்து கலந்திருக்கிறது!

இத்தகைய உபகாரிக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? சட்டம் அதை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் புதரைக் காவாது. காட்டோரத்தில் இன்னும் கண்ணி வைப்போர் உண்டு. கோடையில் அடிக்காட்டிற்கு வைக்கும் தீ, பேடு அடைகாக்கும் மாதங்களிலேயே தரையிலுள்ள முட்டைகளைப் பொசுக்குகிறது. மரத்தை மட்டும் காத்து, அதன் காலடியில் உள்ள புதரைக் குப்பையென எண்ணுவது பேதைமை. ஒளிந்து வாழும் ஜீவனுக்கு ஒளிய இடம் வேண்டும். அதனைக் கொடுத்தால், கடனில் ஒரு பங்காவது தீரும்.