நீறு பூத்த நெருப்பு

நோய் கண்ட சிறுநீரகத்தை அறுவைச் சிகிச்சையால் அகற்றியாயிற்று. ஐந்து ஆண்டுகளும் இடரின்றிக் கழிந்தன. இனி அச்சமில்லை என்று கருதுவது இயல்பே. பல புற்றுநோய்களுக்கு ஐந்தாண்டு நல்லதோர் எல்லைக்கல்தான். ஆனால் சிறுநீரகப் புற்றுநோய் இக்கணக்கிற்கு முற்றிலும் அடங்குவதன்று.

இந்நோய் திரும்புமானால், பெரும்பாலும் முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பும். எனினும் சிலரிடத்தில் 10 ஆண்டுகளுக்குப் பின்னும், அரிதாக 20 ஆண்டுகளுக்குப் பின்னும் அது தலைகாட்டியதுண்டு.

செவ்வனே செய்த சிகிச்சைக்குப் பின்னும் இவ்வாறு நேர்வது எங்ஙனம்? சிறுநீரகம் குருதி மிகுதியாகப் பாயும் உறுப்பு. அறுவைக்கு முன்னரே நோயணுக்கள் சில குருதியிற் கலந்து, பெருஞ்சிரை வழியே இதயத்தை அடைந்து, நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் தங்கிவிடுதல் கூடும். அங்கே அவை நீறு பூத்த நெருப்பைப்போல் நெடுநாள் அடங்கிக் கிடந்து, பின்னர் வளரத் தொடங்குகின்றன. நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை, எஞ்சிய சிறுநீரகம் ஆகியவற்றில் நோய் தோன்றலாம். நெடுங்காலம் கழித்துக் கணையத்தில் தோன்றுவதும் இந்நோயின் இயல்புகளுள் ஒன்று.

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லும் நம்மவர்க்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. சென்னையில் அறுவை செய்துகொண்டவர், பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின் நாகபுரியில் இருமலுக்கு மருந்து கேட்கிறார் என்று கொள்வோம். பழைய செய்தியை அவர் சொல்லாவிடின், புதிய மருத்துவர் அதனை அறிவது எப்படி? ஆகவே, அறுவைக் குறிப்பையும், அகற்றிய கட்டியின் வகை, அளவு, நிலை ஆகியவற்றைக் கூறும் ஆய்வறிக்கையையும் நாம் எங்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்லவேண்டும். ஆறாத இருமல், எலும்பு வலி, சிறுநீரில் குருதி, காரணமற்ற மெலிவு ஆகியவை தோன்றினால், 'எனக்கு ஒரு சிறுநீரகம் புற்றுநோயால் அகற்றப்பட்டது' என்பதை முதலில் கூறவேண்டும். ஐந்தாண்டு கழிந்த பின்னும் சோதனையை எவ்வளவு காலம் தொடரவேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டறிதல் நன்று.

நோய் திரும்பியது என்பதாலேயே வாழ்வு முடிந்துவிட்டது என்று பொருளன்று. நெடுநாள் கழித்து ஓரிடத்தில் மட்டும் தோன்றிய கட்டியை மீண்டும் அறுவையால் நீக்கி, பல்லாண்டு நலமுடன் வாழ்ந்தவர் உளர். புதிய மருந்துகளும் வந்துள்ளன. கட்டிக்குக் குருதி கொணரும் புதுக் குழாய்கள் கிளைப்பதைத் தடுக்கும் சோராஃபெனிப் 2005-இலும், உடலின் எதிர்ப்பாற்றலையே நோயின்மீது ஏவும் நிவோலுமாப் 2015-இலும் இந்நோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

எஞ்சிய சிறுநீரகத்தையும் நாம் பேணவேண்டும். புகையிலையை விடுதலும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தலும், மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரைகளை உட்கொள்ளாதிருத்தலும் அதற்கு உதவும். நாள்தோறும் அஞ்சி வாழவேண்டுவதில்லை. பழைய நோயை மறவாதிருந்தால் போதும்.