எழுந்திருக்க விடாத பெஞ்சு

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்துவிடும் அம்மாவை, பார்க் கல் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. முட்டி தேய்ந்துவிட்டதா?"

தேய்ந்திருக்கலாம். ஆனால் வீட்டிலும் அதே முட்டிதானே? விசாரிக்க வேண்டியது பெஞ்சை.

எழுந்திருக்கத் தசை பலம் மட்டும் போதாது. உடலின் எடை மையம் பாதத்துக்கு மேலே வந்து சேர வேண்டும். யாராவது எழும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதலில் குதிகால் நாற்காலிக்கு அடியில் போகும். பிறகு மார்பு முன்னே சாயும். அப்புறம்தான் இடுப்பு கிளம்பும்.

கேஸ் சிலிண்டர் போடும் தம்பி அதைத் தோளோடு அணைத்துத் தூக்குவது ஏன்? கையை நீட்டிப் பிடித்தால் முதல் மாடிகூட ஏறமாட்டார். நம் உடம்புதான் சிலிண்டர். இடுப்பும் முட்டியும் அந்தத் தம்பி. பாதம் பின்னால் வந்தால் சிலிண்டர் தோளில் இருக்கிறது. அடிப்பக்கம் முழுக்கக் கல்லால் அடைத்த பெஞ்சு, 'மூன்றடி தள்ளிப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்' என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியதற்குச் சமம். பெஞ்சு தாழ்வானால் இன்னொரு மாடி கூடிவிட்டது. கைப்பிடி, படிக்கட்டில் ஒரு கை கொடுக்கும் எதிர்வீட்டுக்காரர். சிலிண்டருக்கு முட்டிவலி வராது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழும்போது மூட்டில் விழும் இந்தப் பாரத்தை, அதாவது திருப்புத்திறனை, அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002-ல் தொகுத்த ஆய்வுகளின்படி, பாதத்தை முன்னாலிருந்து பின்னால் மாற்றினாலே இடுப்பு மூட்டின் பாரம் 148.8 நியூட்டன் மீட்டரிலிருந்து 32.7 ஆகக் குறைகிறது. இருக்கையை உயர்த்தினால் முட்டியின் பாரம் 60 சதவீதம் வரை குறையும். கைப்பிடி இடுப்பின் பாரத்தை ஏறக்குறைய பாதியாக்கும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் காலியிடமும் உண்டு, இரண்டு கையும் உண்டு. பளபளக்கும் கிரானைட் கட்டைக்கு இரண்டுமே இல்லை.

வரலாறு கேட்பவர்கள் திண்ணையைச் சொல்வார்கள். அதுவும் அடி அடைத்ததுதான். ஆனால் பிடித்து எழத் தூண் இருந்தது. சட்டத்தின் வரலாறு என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. வரலாறு இவ்வளவு போதும்.

சக்கர நாற்காலியில் வருபவர் தன் இருக்கையோடுதான் வருகிறார். அவருக்குத் தேவை பெஞ்சுக்குப் பக்கத்தில் சமதளமாக, சுமார் 75-க்கு 120 சென்டிமீட்டர் காலியிடம். பெஞ்சுக்கு எதிரே நிறுத்தினால் அவர் நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். பக்கத்தில் இருந்தால்தான் அரட்டை. பெஞ்சுக்கே மாற விரும்பினால் பக்கவாட்டில் நகர வேண்டும். அப்போது முதியவருக்கு உதவிய ஓரக் கைப்பிடி இவருக்குக் குறுக்கே நிற்கும். தீர்வு எளிது: ஒரு கைப்பிடி நடுவில், ஒரு ஓரம் திறந்தபடி, உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். நிழலும் அவசியம். தண்டுவடக் காயத்தால் உணர்விழந்தவருக்குச் சித்திரை வெயிலில் காய்ந்த கல் சுடுவதே தெரியாது, கொப்புளம்தான் தெரிவிக்கும்.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை திறந்தபோது செய்தியாளர்கள் கூடினார்கள். நல்ல காரியம்தான். பெஞ்சுக்கு அந்த யோகம் இல்லை. சோலார் தகடும் சார்ஜரும் வைத்தால்தான் அது 'ஸ்மார்ட்' ஆகிறது. போன் சார்ஜ் ஏறும், உட்கார்ந்தவர் எழ முடியாது.

பாண்டி பஜாரோ நாகேஸ்வர ராவ் பூங்காவோ, பெஞ்சு போடும் முன் டெண்டரில் கல்லின் பாலிஷுக்கு ஒரு வரி எழுதுவார்கள். கூடவே குதிகால் பின்னே போக இடம், பிடித்து எழக் கைப்பிடி என்று இன்னும் இரண்டு வரி எழுதட்டும். ஏற்கெனவே போட்டுவிட்ட கட்டைகளில் அடியைக் குடைவது கஷ்டம். கைப்பிடிக்கு நான்கு போல்ட் போதும்.