முதல் சலிப்பு

கல்லூரி முடிந்த கோடையில் தில்லியில் ஒரு சிறு பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அறை இரண்டு, ஆள் நான்கு. ஆங்கிலக் கவிதைப் போட்டிக்கு வந்தவற்றைச் சலித்து, தேறியவற்றை நடுவர்களுக்கு அனுப்புவது என் வேலை. ‘சலிப்பு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒரே வாரத்தில் இரண்டும் விளங்கிவிட்டன!

தாள்களில் எண் மட்டுமே உண்டு, பெயர் கிடையாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாதல்லவா? நிலா, மழை, பிரிவு என்று வந்துகொண்டே இருந்தன. ஒன்று பிழை மலிந்த ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு வரியிலேயே ஒதுக்கிவிட்டேன்.

மாலையில் ஆசிரியை அதை எடுத்து உரக்கப் படித்தார். மகன் வீட்டுக்கு வந்த கிராமத்துத் தாய், பக்கத்து வீட்டாரோடு பேச மொழியின்றிப் பால்கனியில் நிற்கிறாள். கரோல்பாகில் எங்கள் பாட்டியும் அப்படித்தான் நின்றாள். “கடைசி வரை படித்தாயா?” என்று மட்டும் கேட்டார் ஆசிரியை. மறுநாள் ஒதுக்கிய கட்டு முழுவதையும் மீண்டும் படித்தேன். இன்னும் மூன்று தேறின.

போயட்ரி சொசைட்டி, பிரிட்டிஷ் கவுன்சிலுடன் சேர்ந்து 1988இல் நடத்திய அகில இந்தியக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு பெற்றது விஜய் நம்பீசனின் ‘மெட்ராஸ் சென்ட்ரல்’. ஊருக்குப் போகும்போது நாம் இறங்குகிற அதே நிலையம்தான். அதையும் யாரோ ஒருவர் கடைசி வரி வரை படித்திருக்கிறார்.

உங்கள் பிள்ளைகள் கவிதை அனுப்பிப் பரிசு வராவிட்டால், சோர்ந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறையும் அனுப்பட்டும். அந்தப் பக்கம், இரண்டு வரியோடு நிறுத்திய என்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கலாம்.