முன்சக்கரத்தின் ஆட்டம்

டிராக்டர் வாங்கப் போகிற விவசாயி எத்தனை குதிரைசக்தி என்று விசாரிக்கிறார், மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும் என்று விசாரிக்கிறார், வங்கித் தவணை எத்தனை வருஷம் என்றும் விசாரிக்கிறார். ஆனால் தம் கையில் பிடிக்கப் போகிற ஸ்டியரிங்குக்கும் மண்ணில் உருளப் போகிற முன்சக்கரங்களுக்கும் நடுவே எத்தனை மூட்டுகள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் எப்பொழுது தேயும் என்று விசாரிப்பவரை நான் இதுவரை கண்டதில்லை. வண்டி ஓடுவதற்கு எஞ்சின் காரணமாயிருக்கலாம். ஓட்டுகிறவர் சாயங்காலம் பத்திரமாக வீடு வந்து சேருவதற்குக் காரணம், முழங்கை நீளமுள்ள சில இரும்புத் தண்டுகளும், அவற்றின் முனையில் எலுமிச்சம்பழத்துக்கும் சிறிதான சில உருண்டைகளும்தான்.

குப்பம் வட்டாரத்தில் இந்த விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கங்குந்தி ஜமீனைச் சேர்ந்திருந்து, 1911ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதில் அடங்கி, 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு சென்ற இந்தப் பிரதேசம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். மேடும் சரிவுமான செம்மண் பூமி. பாலாறு பக்கத்தில் சென்றாலும் அநேக மாதங்களில் மணலை மட்டுமே காட்டுவதால், ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் செய்கிற சீமை. 1990களின் பிற்பகுதியில் இஸ்ரேல் தேசத்துத் தொழில்நுட்ப உதவியோடு சொட்டுநீர்ப் பாசனம் இங்கே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தக்காளியும் காய்கறியும் பட்டுப்புழுவுக்கான மல்பெரியும் நெருக்கமான வரிசைகளில் வளரும் இத்தகைய தோட்டங்களுக்குள் பெரிய டிராக்டர் புகுந்து திரும்ப இடமில்லை. ஆகவே பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைசக்திக்குள் அடங்கிய சிறு டிராக்டர்களே ஏற்றவை. இவ்வகையில் தென்னாட்டுக்கு உபகாரம் செய்தவற்றுள் ஒன்று, 1967இல் பெங்களூரில் தொடங்கி, ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து பவர் டில்லரையும் பிற்பாடு பதினெட்டரைக் குதிரைசக்தியில் சிறு டிராக்டரையும் செய்த வி.எஸ்.டி. நிறுவனம்.

சிறு டிராக்டரின் சௌகரியமே அதன் ஸ்டியரிங்குக்குச் சத்துருவாக அமைகிறது. வரிசை குறுகலாக இருந்தால் ஒரு ஏக்கரை உழுது முடிப்பதற்குள் வண்டி வரப்பு ஓரத்தில் எத்தனையோ தடவை திரும்பவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் ஒரு கோடிவரை சுழற்றப்படுகிறது. வண்டி உருளாமல் நிற்கும்போதே, காய்ந்து இறுகிய மண்ணில் டயரைத் தேய்த்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்புகிற பழக்கம் வேறு பலருக்கு உண்டு. நகரும் வண்டியில் ஒரு விரலால் ஆகக்கூடிய காரியத்துக்கு அப்போது இரண்டு கைகளின் பலமும் தேவைப்படுகிறதென்றால், அந்தப் பலம் முழுவதையும் தாங்குவது அந்தச் சிறு மூட்டுகளே என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். அறுவடைக் காலத்தில் இதே வண்டி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, தக்காளிக் கூடைகளோடு குண்டும் குழியுமான பாதையில் சந்தைக்கும் போகிறது.

பெங்களூர், சென்னை போன்ற நகரங்களின் கோல்ஃப் மைதானங்களிலும் பெரிய கல்லூரி வளாகங்களிலும் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் யந்திரத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் காப்புரிமை பெற்ற கைத்தள்ளு யந்திரத்திலிருந்து வளர்ந்து வந்த அதற்கும் நம் சிறு டிராக்டருக்கும் முன்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். டிராக்டரில் கனத்த ஸ்டியரிங் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பற்கள், புல்வெட்டியில் தகட்டில் வெட்டிய அரைவட்டப் பல்லாகவும் அதைக் கடித்துச் சுழலும் ஒரு சிறு பல்சக்கரமாகவும் திறந்த வெளியில் இருக்கும். வண்டி நேராகப் போகும் நேரமே அதிகமாதலால் அந்தத் தகட்டின் நடுப்பற்கள் முதலில் தேயும். தேய்ந்தால் தகட்டையும் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதியதைப் பழையதோடு கோத்தால் புதியதும் சீக்கிரத்தில் பழையதாகிவிடும்.

திரும்புகிற வண்டியின் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்புவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால் அதிகமாகவும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்தில் செல்வதால் குறைவாகவும் திரும்பினால்தான் டயர் மண்ணைச் சுரண்டாமல் உருளும். மியூனிக் நகரத்து வண்டிக் கைவினைஞரான லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்த இந்தச் சூக்ஷ்மத்துக்கு லண்டனில் 1818இல் காப்புரிமை பெற்றுக்கொடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற அச்சுப்பட வியாபாரி. குதிரைவண்டிக்காக ஏற்பட்ட அந்த ஏற்பாடு இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. மூட்டுகள் தேய்ந்தால் முதலில் கெடுவது இந்தக் கணக்குத்தான். இரண்டு சக்கரங்களும் தத்தம் இஷ்டப்படி நிற்கத் தொடங்குகின்றன. டயரின் ஒரு விளிம்பு மட்டும் மழுங்குகிறது.

கையிலிருந்து மண்வரையுள்ள வழியைத் தொடர்ந்து பார்ப்போம். ஸ்டியரிங்கின் தண்டு பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டியிலிருந்து டிராப் ஆர்ம் என்னும் கை வெளியே வந்து, டிராக் லிங்க் என்ற தண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அது ஒரு சக்கரத்தின் கையைத் திருப்ப, டை ராட் என்ற குறுக்குத் தண்டு மற்றச் சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. சக்கரம் ஒவ்வொன்றும் கிங் பின் என்ற செங்குத்தான தண்டின்மேல் திரும்புகிறது. அந்தத் தண்டு ஆக்ஸிலின் காதுக்குள் இருக்கும் புஷ் என்ற உறைகளில் சுழல்கிறது. ஆக்ஸில் முழுவதும் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி சாய்ந்துகொடுக்க நடுவில் ஒரு சென்டர் பின் உண்டு. தண்டுகளின் முனைகளிலுள்ள பால் ஜாயிண்டுகளோ, தொடையெலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் எல்லாப் பக்கமும் அசைவதுபோல் அசைபவை.

ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் ஏற்பட்டால் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவையாதலால், ஒவ்வொன்றின் தேய்மானமும் அடுத்ததன்மேல் ஏறி, கடைசியில் ஓட்டுகிறவர் கையில் பெரிய ஆட்டமாக வந்து சேருகிறது. ‘ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்குது அண்ணே’ என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவருக்கு, குற்றம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாக இருக்கிறது. பட்டறைக்காரர் அவசரக்காரராயிருந்தால், ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கி அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றியும்விடுகிறார். இதைப்போல் கெடுதலான வைத்தியம் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பெட்டிக்குள்ளும் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. நடுவிலுள்ள இடைவெளி மறையும்வரை திருகை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். நேர்ப்பாதையில் சரியாக இருந்த வண்டி, வளைவில் திரும்பிய ஸ்டியரிங்கைத் திரும்ப விடாமல் முரண்டு பிடிக்கும்.

நிதானமுள்ள மெக்கானிக் பெட்டியைக் கடைசியில்தான் தொடுவார். முதலில் டயரின் காற்றைப் பார்ப்பார். இரண்டு முன் டயர்களிலும் காற்று சமமில்லாவிட்டால் மற்றப் பரிசோதனை எதற்கும் அர்த்தமில்லை. பிறகு சாதாரண ஸ்டியரிங் உள்ள வண்டியாயின் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு பையனை மேலே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொல்லி, தாம் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தண்டு நகர்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்து அடுத்த பாகம் நகர்ந்தால் அந்த மூட்டு தேய்ந்தது என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உள்ளங்கைக்குத் தெரியும். இந்த ஸ்பரிச ஞானத்தை எந்தப் புஸ்தகமும் கற்பிப்பதில்லை. பல வருஷம் கிரீஸில் ஊறிய கைகளுக்கே அது வாய்க்கிறது, அதற்குரிய மரியாதையையும் கூலியையும் நாம் தருவதில்லை என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு.

அடுத்து ஆக்ஸிலின் நடுவில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே புகாமல், கனத்த மரக்கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களுக்கும் கல் வைப்பது அவசியம். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் அசைத்தால் வரும் ஆட்டம் கிங் பின் புஷ்ஷினுடையது அல்லது சக்கரத்துப் பேரிங்கினுடையது. இடமும் வலமும் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் முனைகளுடையது. முந்தியதில் எது குற்றவாளி என்பதை அறிய, ஒருவர் அசைக்கும்போது மற்றொருவர் கிங் பின்னுக்கும் ஆக்ஸில் காதுக்கும் நடுவே உற்றுப் பார்க்கவேண்டும். அங்கே அசைவில்லாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். கடைசியாக ஆக்ஸிலை முன்னும் பின்னும் நெம்பிப் பார்ப்பதையும் மறக்கலாகாது. சென்டர் பின் புஷ் தேய்ந்த வண்டியில் ஆக்ஸிலே நகர்ந்து கொடுப்பதால், டை ராட்டைப் புதிதாக மாற்றியும் ஆட்டம் போகவில்லை என்று ஏமாறுகிறவர்கள் பலர். டிரெய்லரில் பின்பாரம் அழுத்தி முன்சக்கரம் லேசாகிவிட்டாலும் ஸ்டியரிங் மிதப்பதுபோல் தோன்றும்; அதற்கு மருந்து பட்டறையில் இல்லை, பாரத்தைக் குறைப்பதில் இருக்கிறது.

டை ராட் முனையைக் கழற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் கொம்பு கூம்பு வடிவமாக, சக்கரத்துக் கையின் துளைக்குள் இறுகிப் போயிருக்கும். ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டை முழுவதும் கழற்றிவிடாமல் சில மரைகளில் நிற்கவிட்டு, கொம்பின் தலையில் அடிக்காமல், துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில், மறுபக்கம் ஒரு கனத்த சுத்தியலை அண்டைக் கொடுத்துக்கொண்டு ஓங்கி இரண்டு மூன்று அடி கொடுத்தால், அந்த அதிர்ச்சியில் கூம்பு தானே விடுபடும். தலையில் அடித்தால் மரை நசுங்கும். தண்டிலிருந்து பழைய முனையைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் சக்கரங்களின் நேர் ஏறக்குறைய பழையபடி நிற்கும். பல வண்டிகளில் ஒரு முனை இடமரை, மறுமுனை வலமரை என்பதையும் வாங்கும்போதே சொல்லி வாங்கவேண்டும்.

புதிய பாகம் ஊரில் கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரிக்கோ பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கோ போகவேண்டியிருக்கும். விலை குறைவென்று பெயர் தெரியாத பெட்டியிலுள்ளதை வாங்குவது ஸ்டியரிங் விஷயத்தில் தகாது. சென்னையில் 1929இல் மோட்டார் வியாபாரமாகத் தொடங்கிய ரானே, 1960இல் டை ராட் முனைகளை உற்பத்தி செய்ய ஆரம்பித்தது முதல் இந்தப் பாகங்கள் நம் நாட்டிலேயே, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே தயாராகிவருகின்றன. அப்படியிருக்க, மிருதுவான இரும்பில் வார்த்த போலிகளுக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் என்ன?

கிங் பின் புஷ்ஷை மாற்றுவது லேத் பட்டறையோடு சம்பந்தப்பட்ட வேலை. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதியதைப் பிரஸ்ஸில் நேராக ஏற்றி, ரீமரால் உட்புறத்தைக் கிங் பின்னுக்கு அளவாகச் சீவவேண்டும். ஏற்றும்போது புஷ்ஷிலுள்ள துளை, ஆக்ஸில் காதிலுள்ள கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது மிக மிக முக்கியம். சற்று விலகி நின்றாலும் கிரீஸ் உள்ளே போகாது; உரிமையாளர் வாரந்தோறும் கிரீஸ் கன் பிடித்தும் புஷ் உலர்ந்தே தேயும். கிங் பின்னிலேயே பள்ளம் விழுந்திருந்தால் அதையும் புதிதாக மாற்றுவதே முறை. தேய்ந்த கிங் பின்னின்மேல் வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து கொடுக்கும் வழக்கம் சிக்கனமாகத் தோன்றினாலும், பதமேற்றிய எஃகு வெல்டிங் சூட்டில் பதம் இழந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்பட்டு, பாரத்தோடு சரிவில் இறங்கும் ஒரு நாளில் முறிந்துபோகக்கூடும்.

எல்லாம் கோத்த பிறகு கேசில் நட்டை இறுக்கி, ஸ்பிலிட் பின்னுக்குரிய துளை நேராக வராவிட்டால் மேலும் இறுக்கி நேராக்கவேண்டுமே அன்றி, தளர்த்தி நேராக்கலாகாது. ஸ்பிலிட் பின்னும் புதிதாகவே இருக்கவேண்டும். அதன்பின் சக்கரங்களை நேராக நிறுத்தி, அச்சின் உயரத்தில், முன்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள இடைவெளியையும் பின்பக்கத்து இடைவெளியையும் அளந்து பார்த்தால், முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும்; எத்தனை மில்லிமீட்டர் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. டை ராட்டைச் சுற்றி அந்த அளவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கியபின், நிப்பிள்களின் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுத்த கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்தவேண்டும். துடைக்காமல் அழுத்தினால் செம்மண் தூளும் சேர்ந்தே மூட்டுக்குள் போய் அரத்தின் வேலையைச் செய்யும். முதல் நாள் உழவு முடிந்து வண்டி வந்ததும் நட்டுகள் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு மறுபடி ஒரு தரம் பார்க்கவேண்டும்; புதிய கூம்புகள் பாரத்தில் அமர்ந்த பிறகு சிறிது தளர்வு தருவது சகஜம்.